சால்வையோடு முடியக் கூடாத மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் பெரிய கல்லூரிகளும் தங்கள் வளாகங்களில் பணியாற்றும் பாதுகாப்பு ஊழியர்களில் சிறப்பாகச் செயல்பட்டவர்களை ஆண்டுதோறும் முறைப்படி தேர்ந்தெடுத்துப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே கௌரவிக்க வேண்டும் என்றும், அந்தக் கௌரவம் அவர்களின் பணிப் பதிவில் ஏறி, ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் அவர்களோடு கூடவே செல்ல வேண்டும் என்றும் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். கோரிக்கையின் முதல் பாதியை யாரும் மறுக்கப் போவதில்லை. சுதந்திர தினத்தன்றோ குடியரசு தினத்தன்றோ கொடியேற்றி முடித்த கையோடு இரண்டு காவலர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சால்வை போர்த்திப் புகைப்படம் எடுத்து, லட்டு கொடுத்து அனுப்புவது பல இடங்களில் இப்போதும் நடக்கிறது. இரண்டாம் பாதிதான் எவர் காதிலும் ஏறுவதில்லை. அது இல்லாமல் முதல் பாதியை மட்டும் செய்வது, செய்பவருக்கு மனநிறைவு தருமே தவிர, பெறுபவருக்கு எதையும் தராது என்பது என் அனுபவம்.

கோவையில் வசிப்பவள் என்பதால் எனக்கு அருகில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். 1982-இல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலை அடிவாரத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து உணவும் தண்ணீரும் தேடி இறங்கும் யானைகள் அந்த வளாகத்துக்குள்ளும் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குள்ளும் புகுவது இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. 2024 மே மாதம் அவ்வாறு வளாகத்துக்குள் வந்த காட்டு யானை ஒன்று தாக்கியதில், அங்குப் பணியிலிருந்த பாதுகாவலர் ஒருவர் உயிரிழந்தார். செய்தித்தாளில் ஒரு நாள், தொலைக்காட்சியில் அரை நாள் என்று அந்தச் செய்தி கடந்துபோயிற்று. மாணவர்கள் தங்கியிருக்கும் ஒரு வளாகத்தில் யானை நுழைந்தால், வனத்துறையினர் வந்து சேரும்வரை அதற்கும் மனிதர்களுக்கும் இடையில் நிற்பவர் யார் என்று அதற்கு முன் எத்தனை பேர் யோசித்திருப்போம்? இரவுப் பணியில் இருக்கும் வளாகக் காவலரிடம் பொதுவாக இருப்பவை ஒரு டார்ச் லைட், ஒரு கைத்தடி, ஒரு விசில். யானையை விரட்டுவது அவருடைய வேலையே இல்லை. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வனத்துறையில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் அவர்தான் என்பதால் முதலில் ஓட வேண்டியவரும் அவராகவே ஆகிவிடுகிறார்.

யானை வராத வளாகங்களிலும் இந்த வேலை வெளியே தெரிவதைவிட அகலமானது. நான் ஒரு மகளிர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பல ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவள். வாசலில் நின்று அடையாள அட்டையைப் பார்ப்பதும், அவுட் பாஸை வாங்கி வைப்பதும், சல்யூட் அடிப்பதும் மட்டுமே காவலரின் வேலை என்று பகலில் வந்து பகலிலேயே வீடு திரும்பும் ஆசிரியர்களில் பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்துவது, மகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நள்ளிரவில் திருநெல்வேலியிலிருந்து வந்து நிற்கும் தகப்பனாரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் பேசுவது, மழைக்காலத்தில் குளியலறைப் பக்கம் ஒதுங்கும் பாம்பைச் சாக்கில் பிடித்து அப்புறப்படுத்துவது, டியூஷன் சென்டரிலிருந்து பின்னாலேயே வந்த பையனைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்புவது எல்லாம் இரவில்தான் நடக்கும். இவற்றில் ஒன்றுகூட அவர்களின் பணி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்காது.

இரவில் ஆம்புலன்ஸ் வருவதை எடுத்துக்கொள்வோம். 108 சேவை தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. அழைத்தால் வண்டி வாசலுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் சிக்கலே. பெரிய வளாகத்தில் எந்த விடுதி எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. பெயர்ப்பலகைகள் மரக்கிளைக்குள் மறைந்து கிடக்கும். உள் கேட்டுகளில் பாதி பூட்டியிருக்கும். ஒரு முறை எங்கள் விடுதியில் ஒரு மாணவி மயங்கி விழுந்தபோது, இரவுக் காவலர் நான் எதுவும் சொல்வதற்கு முன்பே உள் கேட்டுகளைத் திறந்து வைத்து, வண்டிகளை மறிப்பதற்காக வைத்திருந்த சிமெண்ட் பூந்தொட்டிகளை ஓரமாக உருட்டித் தள்ளிவிட்டு, தன்னுடைய டி.வி.எஸ். எக்ஸெல்லில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு முன்னால் வழிகாட்டி வந்தார். எங்கள் படிக்கட்டு வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியில் வந்தவர்களிடம் அதை இறங்கும்போதே சொல்லி, கைப்பிடி உள்ள ஒரு மர நாற்காலியையும் தூக்குவதற்கு ஆட்களையும் தயாராக நிறுத்தியிருந்தார். அந்தப் பெண் பிழைத்து, படிப்பை முடித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். மறுநாள் காலை நிர்வாகம் எனக்கு நன்றி தெரிவித்தது. காவலரின் ஷிப்ட் ஆறு மணிக்கே முடிந்துவிட்டதால், நன்றி சொல்லும் நேரத்தில் அவர் அங்கே இல்லை.

அந்த இரவு எங்கேயாவது பதிவாயிற்றா என்றால், ஆயிற்று. காவலர் கூண்டில் நீளவாக்கில் தைத்த, தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேடு இருக்கும். இரவு ரோந்து, சாவி ஒப்படைப்பு, விளக்குப் பழுது என்று எல்லாம் அதில் ஏறும். ஆம்புலன்ஸ் வந்த நேரம், போன நேரம், உடன் சென்றவர் வார்டன் என்று ஒற்றை வரியில் அவர் எழுதியிருந்தார். தன் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. பிறகு ஒப்பந்த நிறுவனம் மாறியபோது, புதிய நிறுவனம் புதிய பதிவேடுகளோடு வந்தது. பழையவை மூட்டையாகக் கட்டப்பட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அத்தனை இரவுகளின் சாட்சியமும் கிலோ கணக்கில் எடை போடப்பட்டதைப் பார்த்த பிறகுதான், பாராட்டு என்பதை வேறு விதமாக யோசிக்கத் தொடங்கினேன்.

இந்த ஒப்பந்த முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பல வளாகங்களில் வாசலில் நிற்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். டெண்டர் எடுத்த தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேறொரு நிறுவனம் டெண்டர் எடுத்தால், பெரும்பாலும் அதே ஆட்கள் அதே கூண்டில் தொடர்வார்கள். சட்டையின் நிறமும் தோள்பட்டையில் தைத்திருக்கும் எழுத்துகளும் மட்டும் மாறும். ஆனால் காகிதத்தில் அவர்கள் புதிய ஆட்கள். பத்து ஆண்டுகளாக ஒரே வாசலில் நின்றவரும், நேற்றுச் சேர்ந்தவரும், ஒரே நாளில் பணியைத் தொடங்கியவர்களாகக் கணக்கில் வருவார்கள். பணிக்கொடை போன்றவை தொடர்ச்சியான பணிக்காலத்தைப் பொறுத்தவை என்பதால் இதில் பண இழப்பும் உண்டு; அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இக்கடிதத்தின் பொருளுக்கு வருவோமானால், முந்தைய நிறுவனத்தின் காலத்தில் பெற்ற பாராட்டுச் சான்றிதழ் அடுத்த நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்கு வெறும் காகிதம். வயதாகிவிட்டது என்றோ, அவரைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்றோ நிறுத்தும்போது, இவர் ஓர் உயிரைக் காப்பாற்றியவர் என்பது எடுத்துப் பார்க்கும் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை வந்துவிட்டது. நிறுவனம் மாறினாலும் அந்தப் பன்னிரண்டு இலக்க எண் தொழிலாளியோடு போகிறது. பழைய நிறுவனம் மூடப்பட்டாலும் கணக்கு மறைந்துவிடுவதில்லை. பணத்துக்குச் செய்ய முடிந்ததைப் பெயருக்கும் செய்யலாம். பாராட்டுப் பதிவைக் காவல் நிறுவனத்திடம் விடாமல் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகமே வைத்திருக்க வேண்டும். அதன் சான்றிட்ட நகல் ஊழியரிடம் இருக்க வேண்டும். புதிய டெண்டர் விடும்போது, அப்பட்டியலில் உள்ளவர்களைத் தக்க காரணம் காட்டாமல் மாற்றக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்த ஆவணத்தில் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இதில் ஆகக்கூடிய செலவு, சால்வைச் செலவைவிட அதிகமாக இருக்காது.

காவல் காத்தவரைக் கௌரவிப்பதில் இந்த மண்ணுக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் பூசலில் மாண்ட வீரனுக்காக எழுப்பிய அந்தக் கல்லில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார், என்ன செய்தார் என்ற மூன்றும் அந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கின்றன. நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதி வைத்தார்கள். நம் கல்லூரிகள் கொடுக்கும் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். “தன்னலமற்ற சேவையைப் பாராட்டி” என்ற ஒரே அச்சடித்த வாக்கியம், நடுவில் பெயருக்கு ஒரு கோடு, கீழே கையெழுத்து. அவர் என்ன செய்தார் என்பது அதில் எங்கும் இருக்காது. பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் பாராட்டில் பாராட்டப்பட்டவர் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வளாகக் காவல் அதிகாரியாக இருந்த ஷான் காலியர், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்த மூன்றாம் நாள், 2013 ஏப்ரல் 18 இரவு, அந்தக் குண்டுவெடிப்பை நடத்திய சகோதரர்களால் வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. மாணவர்களின் மலையேற்றக் குழுவில் தானும் ஒருவராகச் சேர்ந்து அவர்களோடு மலையேறப் போனவர் என்பதால், அவருடைய மரணத்தை மாணவர்கள் தங்கள் நண்பர் ஒருவரின் மரணமாகவே எடுத்துக்கொண்டார்கள். 2015 ஏப்ரலில், 32 கருங்கல் பாளங்களை ஒன்றோடொன்று தாங்கும்படி அடுக்கிய நினைவிடம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. அவர் பெயரில் ஒரு பதக்கமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு விருதுகளில் ஒன்றாக வழங்கப்படுகிறது. உயிர் போன பிறகுதான் மரியாதை என்பதும் அங்கே முழுக் கதை அன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வளாகப் பாதுகாப்புத் துறைகள் உயிர் காத்தமைக்கு, சமயோசிதமாகச் செயல்பட்டமைக்கு, நீண்ட காலப் பணிக்கு என்று தனித்தனியாக விருது வழங்குகின்றன. மேடையில் அந்த நிகழ்வு விவரமாக வாசிக்கப்படுகிறது. அவர்களிடம் துப்பாக்கி ஏந்திய வளாகக் காவல் துறையே இருக்கிறது. அது நமக்கு வேண்டாம், இப்போது இருப்பதுபோல விசிலோடு இருப்பதே நல்லது. நடந்ததை வாசிக்கும் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கலாம்.

நம்மிடையே வளாகப் பாதுகாப்பு என்ற பேச்சே ஏதாவது விபரீதம் நடந்தால்தான் எழுகிறது. 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது; 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதித்தது. வெளியாள் எப்படி உள்ளே வந்தார், கேமரா எங்கே இருந்தது, காவலர் எங்கே நின்றார் என்ற கேள்விகள் அந்த வாரங்களில் எல்லோர் வாயிலும் இருந்தன. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. பல ஏக்கர் பரப்பில் மரங்களும் பழைய கட்டடங்களும் நிறைந்த ஒரு வளாகத்துக்கு எத்தனை பேர் தேவை, ஒருவரைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, மாற்று ஆள் வரவில்லை என்று டபுள் டூட்டி பார்க்கச் சொன்னால் விடியற்காலை மூன்று மணிக்கு அவர் கண் எந்த நிலையில் இருக்கும் என்ற கேள்விகளை மட்டும் யாரும் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. தவறு நடக்கும்போது பொறுப்பைச் சுமத்த ஒரு முறை இருக்கிறது; மெமோ, சஸ்பென்ஷன், நிறுவனத்துக்கு அபராதம் என்று அது மளமளவென்று இயங்கும். நன்றாகச் செய்தபோது இயங்க வேண்டிய முறை எதுவும் இல்லை.

இந்த இடத்தில் மாணவிகள் ஓர் ஆட்சேபணையைக் கிளப்புவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. எல்லாக் காவலர்களும் போற்றத்தக்கவர்கள் அல்லர். ஆண் நண்பரோடு பேசிக்கொண்டு நிற்கும் பெண்ணை முறைப்பவர்கள், உடையைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்கள், ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு வீட்டுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் ‘கண்டிப்பானவர்’ என்று சில நிர்வாகங்கள் மெச்சவும் செய்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது, பாதுகாப்பு ஊழியர்களில் பெண்கள் போதிய அளவில் இருக்க வேண்டும், பாலினச் சமத்துவப் பயிற்சி அவர்களின் பணி நிபந்தனையாகவே இருக்க வேண்டும். ஆகவே விருதுக்கான பெயர்களை நிர்வாகமோ ஒப்பந்த நிறுவனமோ தேர்ந்தெடுத்தால், பணிந்து போகிறவருக்கும் மாணவிகளைப் பயமுறுத்தத் தெரிந்தவருக்கும்தான் போய்ச் சேரும். பெயர்களை மாணவ மாணவியர் பரிந்துரைக்க வேண்டும். விடுதிச் சமையற்கூட ஊழியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் பரிந்துரைக்க வேண்டும், ஏனெனில் அதிகாலை நான்கு மணிக்கு வளாகத்துக்குள் வருகிற பெண்களுக்கு, வாசலில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பது துணைவேந்தரைவிட நன்றாகத் தெரியும். தேர்வுக் குழுவில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் வளாகத்தின் உள் புகார்க் குழு உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுதிக் காப்பாளர்களுக்கும் இதில் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகளின்படி, விடுதிகளில் நிறுத்தப்படும் பாதுகாப்பு ஊழியர்கள் காப்பாளரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அவர்களின் பணியை மதிப்பிட வேண்டியவரும் காப்பாளரே. ராகிங்கைத் தடுக்க 1997-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது; 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட வழக்கை இன்றும் யாரும் மறக்கவில்லை. ஆனால் நடைமுறையில் காப்பாளரின் மதிப்பீடு என்பது, மாதக் கடைசியில் நிறுவனத்தின் பில்லோடு வரும் வருகைப் பட்டியலில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்திடுவதுதான். பில் பாஸாவதற்கான கையெழுத்து அது. அந்தப் படிவத்தில் இரண்டு வரி இடம் ஒதுக்கி, அந்த மாதம் குறிப்பிடத்தக்கதாக யார் என்ன செய்தார் என்று எழுதச் சொன்னால், ஆண்டு முடிவில் விருதுக் குழுவின் முன் தேவையான விவரம் தானாகவே சேர்ந்திருக்கும்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி தருவதே ஒரு மரியாதை என்று நான் கருதுகிறேன். 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தர வேண்டும் என்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் சுருக்கமான பயிற்சி போதும். முதலுதவி, தீயணைப்பு, கூட்டத்தைக் கையாளுதல் எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு. அதை முழுமையாகப் பெற்று வேலைக்கு வந்த காவலரைச் சந்திப்பது அபூர்வம். இதைவிட முக்கியமானது மனநலம் பற்றிய பயிற்சி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டு நெறிகள், கல்வி நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கும் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் உளவியல் முதலுதவியில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும் என்கின்றன. ஒப்பந்தக் காவலர் ‘நம் பணியாளர்’ இல்லை என்று சொல்லி அவரை அந்தப் பயிற்சியிலிருந்து விலக்கிவிடுவது எளிது. பல இடங்களில் அதுதான் நடக்கும் என்று அஞ்சுகிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவி தனியாக விடுதிப் படியில் உட்கார்ந்து அழுதால், அதைப் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான். ஆலோசகரின் அறை மாலை ஐந்து மணிக்கே பூட்டப்பட்டுவிடும். அந்த நேரத்தில் என்ன பேசுவது, என்ன பேசக் கூடாது, யாரை எழுப்புவது, 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை எப்படிக் கொடுப்பது என்பதை அவருக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டாமா?

கௌரவம் என்றதும் மேடையை மட்டும் நினைப்பவர்கள் காவலர் கூண்டையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். 2021-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில், துணைவேந்தரின் கார் வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே நாற்காலியை எடுத்துவிடும் வழக்கத்தை எந்தச் சட்டமும் இல்லாமலேயே நிறுத்தலாம். பெண் காவலர்களின் நிலை இன்னும் மோசம். பிரதான வாசலுக்கு அருகில் அவர்களுக்கென்று கழிப்பறை இல்லாததால், எட்டு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம், தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு விருது கொடுத்துவிட்டுக் கழிப்பறை கட்டாமல் விடுவதைக் கௌரவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பரிசாக என்ன தரலாம் என்று கேட்பவர்களுக்கு, பல்கலைக்கழகத்திடம் தாராளமாக இருப்பதையே கொடுங்கள் என்பேன். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் காவலராக இருந்த ஒருவர் 2019-இல் அதே பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறி, ரஷ்ய மொழி இளங்கலைப் படிப்புக்குத் தகுதி பெற்ற செய்தி அப்போது எல்லா ஏடுகளிலும் வந்தது. வாசலில் நின்றபடியே படித்துத் தேறினார் என்று எல்லோரும் வியந்தோம். அவர் படிப்பதற்கு நிர்வாகங்கள் என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் குறைவு. விருது பெறும் காவலருக்கோ, அவர் விரும்பினால் அவருடைய மகனுக்கோ மகளுக்கோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பிலோ நேரடிப் படிப்பிலோ கல்விக் கட்டணத்தை முழுமையாகத் தள்ளுபடி செய்யலாம். ஆட்சிக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். நூலக அட்டையும் கொடுக்கலாம்; இரவுப் பணியில் வார இதழைப் புரட்டியவரைத் தூங்கினார் என்று எழுதி வைத்த மேற்பார்வையாளர்களைப் பார்த்திருக்கிறேன், ஆகவே அட்டையோடு அனுமதிக் கடிதமும் சேர்த்தே கொடுப்பது நல்லது!

அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் அரசு நிறுவனங்களுக்குப் பாதுகாவலர்களை அனுப்பி வருகிறது. அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பாராட்டுப் பதிவு முறையை முதலில் அவர்களைக் கொண்டே தொடங்கலாம். படையில் பணிப் பதிவேடு என்பதன் மதிப்பை அறிந்தவர்கள் அவர்கள், ஆகவே விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்காது. அதன் பிறகு தனியார் நிறுவன ஒப்பந்தங்களுக்கு அதை விரிவாக்கலாம். பாரதியார் பல்கலைக்கழகம் இதைத் தொடங்குமானால், 2024-இல் யானை தாக்கி உயிரிழந்தவரின் பெயரும், அன்று என்ன நடந்தது என்பதும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பது மருதமலை அடிவாரத்தில் வாழும் எங்களில் பலருடைய விருப்பம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும்போது தலைமை விருந்தினரின் உரையையும், தங்கப் பதக்கம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலையும் புகைப்படத்தோடு வெளியிடுகிறீர்கள். எந்தப் பல்கலைக்கழகமாவது தன் பாதுகாப்பு ஊழியரை அதே மேடையில் கௌரவித்தால், அவர் பெயரையும் அவர் என்ன செய்தார் என்பதையும் அந்தப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள். கௌரவிக்காத பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களிடம், ஏன் இல்லை என்று தங்கள் நிருபர்கள் கேட்டு எழுதினாலும் நல்லதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியை, முன்னாள் விடுதிக் காப்பாளர்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.